அவள் எதைப் பார்க்கிறாள்

இருநூற்று நாற்பது மணி நேரம்.
பல்கலைக்கழகப் படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது,
'பயிற்சிக் காலம்' என்பதற்கு எதிரே.
கட்டம் சின்னது. என் கையெழுத்து பெரியது.

தாம்பெரேயில் நவம்பர்.
மூன்றரைக்கே இருட்டு வந்து
கலைக்கூடத்தின் ஜன்னலில் ஒட்டிக்கொள்ளும்.
டிராமில் வந்து இறங்கும் பிள்ளைகள்
வாசலில் பனிச்சட்டையைக் கழற்றியதும்
பாதி உடம்பாகிவிடுவார்கள்.
எப்போதும் ஒற்றைக் கையுறை ஒன்று மிஞ்சும்.
அதை ரேடியேட்டர்மேல் காயப்போடுவது என் வேலை.
பென்சில்களை எண்ணுவதும்.
பேனா கூடாது, ஓவியத்துக்கு அது ஆகாது என்று
ஒவ்வொரு வகுப்புக்கும் புதிதாய்ச் சொல்வதும்.
தரையில் ஒட்டிய நாடாவை
யாருடைய கால்விரலும் தாண்டாமல் பார்ப்பதும்.

என்னிடம் ஒரு அட்டை இருந்தது.
முதல் கேள்வி: என்ன தெரிகிறது?
இரண்டாவது: ஏன் அப்படித் தோன்றுகிறது?
மூன்றாவது கேள்விவரை நான் போனதே இல்லை.
முதல் கேள்விக்கே மௌனம்
ஏரி உறைவதுபோல் ஓரத்திலிருந்து பரவும்.
கடைசியில் யாராவது இரக்கப்பட்டுச் சொல்வார்கள்:
"ஒரு அம்மா."
"வேறு?"
"நாற்காலி."
அப்புறம் எல்லோரும் என் சட்டையில் குத்திய பெயரைப் படிப்பார்கள்.
வில்யா. பயிற்சி மாணவி.

அந்தச் செவ்வாய்க்கிழமை
ஹெர்வந்தாவிலிருந்து ஆறாம் வகுப்பு.
ஈலி என்றொரு பையன்
ஓவியத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.
நான் பேசியதெல்லாம் அவன் பிடரியில் பட்டு உதிர்ந்தது.
ஆசிரியர் தொண்டையைச் செருமினார்.
எனக்குக் காது சுட்டது.
அன்றைக்கென்று பார்த்து ஓனெர்வா,
என் பயிற்சிக்கு மதிப்பெண் போடுகிறவள்,
நோட்டும் கையுமாய்க் கதவருகே.

"ஈலி, ஓவியம் இந்தப் பக்கம்."
"தெரியும்."
"பின்னே?"
"அவங்க எதைப் பார்க்கிறாங்கன்னு பார்க்கிறேன்."

நானும் திரும்பினேன்.
இரண்டு மாதமாக அந்த அம்மாளின்
கழுத்துச் சரிகையைப் பற்றிப் பேசியிருக்கிறேன்,
விரல்மேல் விழும் வெளிச்சத்தைப் பற்றி.
ஒருமுறைகூட
அவள் கண் போன வழியே போனதில்லை.

எதிர்ச்சுவரில் ஒரு தீயணைப்பான்.
அதற்கு மேலே பச்சை விளக்கில் ஓடும் மனிதன்.
பக்கத்தில் ஈரப்பதமானி,
முள் மட்டும் லேசாக நடுங்கியது.

அட்டையை மடித்துப் பைக்குள் போட்டேன்.
எல்லோரையும் திருப்பி நிற்கவைத்தேன்.
அதன்பிறகு நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.
"அந்த ஆள் எங்கே ஓடுறான்னு யோசிக்கிறாங்க."
"ராத்திரியும் அந்த விளக்கு எரியுமே. தூங்கவே மாட்டாங்க."
"இந்த அறையில அது ஒண்ணுதான் சிவப்பு" என்றாள் தைமி.
ஒருவன் நாடாவின் விளிம்புவரை பின்னால் நகர்ந்து
அவள் உயரத்துக்கு எம்பி
கையை நீட்டிப் பார்வையை அளந்தான்.
"தீயணைப்பான் இல்லை. கொஞ்சம் இடது. கதவு."

கதவில் ஓனெர்வா நின்றிருந்தாள்.

இருபத்திரண்டு ஜோடிக் கண்கள்.
ஓவியத்தையும் சேர்த்தால் இருபத்து மூன்று.
நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு
நகர்ந்துவிடலாமா என்று பார்த்தாள்.
நகரவில்லை.
ஒரு கையால் தலைமுடியைச் சரிசெய்தாள்.

வியாழனன்று வந்த வகுப்பையும்
இதேபோல் திருப்பி நிறுத்தினேன்.
தீயணைப்பான், என்றார்கள்.
பசிக்கிறது, என்றார்கள்.

கற்றது என்ன, ஐந்து வரிக்குள் எழுதுக
என்கிறது படிவம்.
மூன்று வரி எழுதி அடித்தாகிவிட்டது.
இருக்கும் இரண்டில்
நாடா தரையை விட்டு எழும்புகிறது, மாற்ற வேண்டும்
என்று ஒன்று எழுதியிருக்கிறேன்.

கடைசி நாள் சாவி அட்டையைக் கொடுக்கும் முன்
அவளுக்கு முதுகைக் காட்டிக் கொஞ்ச நேரம் நின்றேன்.
விளக்கை அணைக்கலாமா என்று
கதவைத் திறந்துகொண்டு காவலர் வந்தார்.
வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார்,
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல.